எண்ணிவிட்டு ஓடுங்கள்: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் தாக்குதல் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பயிற்சியாளர்களே,

முதல் டவுன், அதாவது 10 யார்டு முன்னேறக் கிடைக்கிற நான்கு முயற்சிகளில் முதலாவது. எதிரணி எட்டுப் பேரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பந்து, அதை வாங்கி ஓடுகிற ரன்னிங் பேக் கைக்குப் போகும், அவர் நேராகப் போய் முன்வரிசையின் நடுவில் நிற்கிற சென்டரின் முதுகில் முட்டுவார் என்று அரங்கத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிகிறது. அப்படியே நடக்கிறது. 1 யார்டு. இரண்டாவது டவுனில் அதே ஓட்டம், இந்த முறை கொஞ்சம் இடப்பக்கம். 2 யார்டு. மூன்றாவது டவுனில் இன்னும் 7 யார்டு தேவை என்று ஆன பிறகுதான் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு வேலை வருகிறது. இனி பாஸ்தான் என்று தெரிந்துகொண்ட எதிரணி அவர் மேல் பாய்கிறது. பன்ட், பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். பந்து திரும்பக் கைக்கு வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து.

ஓடவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. ரசிகர்கள் குறை சொன்னால் "இவர்களுக்கு எப்போதும் நீளப் பாஸ்தான் வேண்டும்" என்று ஒதுக்கிவிடுவது உங்கள் வழக்கம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓட்டம் வேண்டும். நீங்கள் டவுனைப் பார்த்து ஓடுகிறீர்கள், எதிரே நிற்கும் ஆட்களை எண்ணிப் பார்த்து ஓடுவதில்லை. எங்கள் குறை அந்த ஒன்றுதான்.

எண்ணுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மடல் திறந்தது, மற்றவர்களும் படிக்கிறார்கள். உங்கள் முன்வரிசையின் இரு ஓரத்து டேக்கிள்களுக்கு இடைப்பட்ட அகலத்தில், பந்து கிடக்கிற கோட்டிலிருந்து ஏழெட்டு யார்டு ஆழத்துக்குள் நிற்கிற எதிரணி ஆட்களின் எண்ணிக்கைதான் பாக்ஸ் கணக்கு. உங்கள் பக்கம் முன்வரிசையில் ஐந்து லைன்மேன் (நடுவில் சென்டர், இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள்), ஓரத்தில் ஒரு டைட் எண்ட். ஆக, பிளாக் செய்ய, அதாவது எதிராளியைத் தள்ளி வழி திறக்க, ஆறு பேர். பந்தை வாங்கி ஓடுகிறவர் யாரையும் பிளாக் செய்ய முடியாது. கொடுத்துவிட்டு நிற்கிற குவார்ட்டர்பேக்கும் செய்வதில்லை. பாக்ஸில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஆள் சரியாகப் போகும். ஏழு என்றால் ஒருவர் மிச்சம். அவர் தள்ளி நிற்கிறவராக இருந்தால், அவர் வந்து சேர்வதற்குள் 4 யார்டு கிடைக்கலாம். எட்டு என்றால் இருவர் மிச்சம், அதில் ஒருவராவது பந்து போகிற சந்துக்கு நேர் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். அதே நேரத்தில், 11-ல் 8 போனால் 3. பாஸைப் பிடிக்க ஓடுகிற உங்கள் ரிசீவர்களைத் தடுக்க வெளியே மூன்றே மூன்று பேர். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் அளக்காமலே போடுகிறீர்கள்.

எட்டுப் பேர் நின்றால் ஓட்டம் ஏன் செத்துப்போகிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நீங்கள் அதிகம் அழைக்கிற இன்சைட் ஸோன் என்ற நடுவழி ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கார்டின் வெளித்தோளுக்கு எதிரே நிற்கிற எதிரணி முன்வரிசை ஆளான டிஃபென்சிவ் டேக்கிளை, மூன்று-டெக்னிக் என்று நீங்கள் சொல்கிற ஆளை, கார்டும் டேக்கிளும் இடுப்போடு இடுப்பு ஒட்டி இருவராகத் தள்ள வேண்டும். தள்ளும்போதே இருவர் கண்ணும் அவருக்குப் பின்னால் எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கிற லைன்பேக்கர் மேல் இருக்க வேண்டும். அவர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கத்து ஆள் கழன்று அவரைப் போய்ப் பிடிக்க வேண்டும். ஒன்றரை விநாடிகூட இல்லாத வேலை. சீக்கிரம் கழன்றால் டிஃபென்சிவ் டேக்கிள் இருவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே வந்துவிடுவார், ரன்னிங் பேக் கோட்டுக்கு 3 யார்டு பின்னாலேயே திசை மாற வேண்டியிருக்கும். தாமதமாகக் கழன்றால் லைன்பேக்கர் சந்தை அடைத்துவிடுவார், கிடைப்பது 1 யார்டு. இந்த ஓட்டத்தின் உயிரே அந்த இருவர் சேர்ந்து தள்ளுகிற தள்ளில்தான் இருக்கிறது. பாக்ஸில் எட்டுப் பேர் என்றால் இருவரை ஒருவர் மேல் செலவழிக்க ஆள் ஏது? எல்லாம் ஒற்றைக்கு ஒற்றை. அதிலும் இரண்டு பேருக்கு ஆளே இல்லை.

பவர் ஓட்டத்தில் வேறு விதமாகக் கெடும். ஒரு பக்கத்துக் கார்டு தன் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடுகிறார், அவர் விட்டுப்போன ஓட்டையைச் சென்டர் பின்வாட்டில் அடைக்க வேண்டும். சென்டர் அரை அடி தாமதித்தால் எதிரணி ஆள் அந்த ஓட்டையில் நுழைந்து ஓடுகிற கார்டின் காலிலேயே விழுவார். பார்க்கிறவர்கள் "ரன்னிங் பேக்கிடம் வேகமில்லை" என்பார்கள். பாவம், அவர் பந்தை வாங்கும்போதே வழி அடைபட்டுப்போயிருக்கும்.

இன்னொன்று, லைன்மேனின் விரல்கள். கை ஊன்றி நிற்கும் கார்டு முன்னால் பாயப் போகிறார் என்றால் எடை முழுவதும் கையில் இறங்கும், விரல் முட்டிகள் வெளுக்கும். பாஸுக்குப் பின்வாங்கப் போகிறார் என்றால் கை தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும், எடை குதிகாலில் இருக்கும். எதிரே 2 அடி தூரத்தில் நிற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். முதல் டவுனில் ஓட்டம்தான் என்று உங்கள் பழக்கமே காட்டிக்கொடுத்துவிட்ட பிறகு, விரலும் காட்டிக்கொடுத்தால் அவர் ஸ்னாப்புக்கு, அதாவது சென்டர் பந்தைக் கொடுப்பதற்கு, முன்பே பாதி வழி வந்துவிடுவார். உங்களுடைய பழைய ஆட்டப் பதிவுகளைக் கார்டின் கையை மட்டும் பார்த்து ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது சராசரி. லீகில் ஒரு ஓட்டத்தின் சராசரி 4.3, 4.4 யார்டு என்ற அளவில்தான் சில ஆண்டுகளாக இருக்கிறது. "மூன்று முறை 4 யார்டு ஓடினால் 12, புது முதல் டவுன் வந்துவிடுமே" என்பது பழைய வாதம். காகிதத்தில் சரிதான். களத்தில் ஓட்டம் அப்படிச் சீராக விழுவதில்லை. பத்து ஓட்டம் இப்படி அமைந்ததாக வைத்துக்கொள்வோம்: 2, 3, 1, 0, 4, 3, -1, 5, 2, 24. கூட்டினால் 43, சராசரி 4.3. ஆனால் 4 யார்டைத் தொட்டவை மூன்றே மூன்று. முதல் டவுனில் தேவையானதில் 40 சதவீதம், இரண்டாவதில் மிச்சத்தில் 60 சதவீதம், மூன்றாவதில் முழுவதும் எடுத்தால்தான் அது உருப்படியான பிளே, அதாவது முயற்சி, என்பது நெடுங்காலமாகப் புழங்குகிற அளவுகோல். முதல் டவுனுக்கு அந்த அளவுகோலை வைத்தால் இந்தப் பத்தில் ஏழு தோல்வி. அந்த ஒற்றை 24 யார்டு ஓட்டம்தான் மற்ற ஒன்பதின் மானத்தைக் காப்பாற்றுகிறது. அதை எடுத்துவிட்டால் சராசரி 2.1. உங்கள் வாராந்தரக் கூட்டத்தில் சராசரியைப் படிக்காதீர்கள், பத்தில் எத்தனை தேறியது என்று கேளுங்கள்.

தாம்பா பே பக்கனியர்ஸ் அணியின் மூன்று பருவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த மடலில் உள்ள எல்லாமே அதில் கிடைக்கும். 2022-ல் அவர்கள் ஓட்டத்தில் எடுத்தது ஆட்டத்துக்கு 76.9 யார்டு, ஓட்டத்துக்கு 3.4 யார்டு. 32 அணிகளில் கடைசி. அதே பருவத்தில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 733 பாஸ் எறிந்தார், ஒரு பருவத்தில் யாரும் அத்தனை எறிந்ததில்லை. "அப்படியானால் ஓட்டமே குறைவுதானே, பிடிவாதம் எங்கே வந்தது?" என்று கேட்பீர்கள். ஓட்டம் வைத்த இடத்தில் வந்தது. முதல் டவுனில் நடுவழியாக ஓடித் தோற்பது, பிறகு அந்தக் கடனை 45 வயதுப் பிரேடி மூன்றாவது டவுனில் எறிந்து அடைப்பது. ரசிகர்கள் வாராவாரம் கத்தியது இதற்காகத்தான்.

நடுவழி ஏன் அடைபட்டது என்பதும் ரகசியமில்லை. இடது கார்டு அலி மார்பெட் அந்தப் பருவத்துக்கு முன் ஓய்வு பெற்றார். வலது கார்டு அலெக்ஸ் கப்பா சின்சினாட்டிக்குப் போனார். சென்டர் ரையன் ஜென்சனுக்குப் பயிற்சி முகாம் தொடங்கியதுமே முழங்கால் போயிற்று, அவர் களத்துக்குத் திரும்பியது பிளேஆஃப் எனும் நாக்அவுட் ஆட்டத்தில்தான். நடுவில் நின்ற மூவரும் ஒரே ஆண்டில் மாறிய அணி, நடுவழி ஓட்டத்தை மட்டும் மாற்றவில்லை. மேலே சொன்ன இருவர் சேர்ந்து தள்ளுகிற வேலை, பல மாதம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழகினால் வருவது. புது ஆட்கள் மூவரை வைத்துக்கொண்டு அதையே முதல் டவுனின் அடித்தளமாக வைத்தால் வேறென்ன நடக்கும். அந்த பிளேஆஃபில் டல்லாஸிடம் 31-14 என்று தோற்ற பிறகு தாக்குதல் பயிற்சியாளர் பைரன் லெஃப்ட்விச் நீக்கப்பட்டார்.

2023-ல் தாக்குதல் பயிற்சியாளராக டேவ் கனாலஸ் வந்தார், குவார்ட்டர்பேக்காக பேக்கர் மேஃபீல்டு வந்தார். ஓட்டம் மறுபடியும் 3.4 யார்டு, ஆட்டத்துக்கு 88.8, மறுபடியும் கடைசி. ரன்னிங் பேக் ரஷாட் வைட் 272 முறை ஓடி 990 யார்டு எடுத்தார், ஓட்டத்துக்கு 3.6. ஆனால் அதே வைட் 64 பாஸைப் பிடித்து 549 யார்டு சேர்த்தார், பிடிக்கு 8.6. அதே ஆள், அதே கால்கள். பந்து அவர் கைக்கு வந்த இடம் மட்டும்தான் வேறு. ரன்னிங் பேக்குக்குப் பந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்றால், சென்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிறகு 2024. லியம் கோயன் தாக்குதல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். புது வீரர் தேர்வின் முதல் சுற்றில் எடுத்த கிரஹாம் பார்ட்டன் சென்டரில் நின்றார். நான்காம் சுற்றில் எடுத்த ரன்னிங் பேக் பக்கி இர்விங் 207 ஓட்டத்தில் 1,122 யார்டு எடுத்தார். அணி ஓட்டத்துக்கு 5.3 யார்டு, ஆட்டத்துக்கு 149.2 யார்டு, லீகில் நான்காவது இடம். புது ஆள் வந்ததால் மட்டும் இது நடந்தது என்று சொல்லிவிட முடியாது. பழைய வைட்டும் 3.6-லிருந்து 4.3-க்கு ஏறினார். ஓட்டத்தைக் கைவிட்டு இந்த அணி தேறவில்லை. நடுவைச் சரிசெய்து, வழியை மாற்றி, பிறகு ஓடியது. எங்கள் கோரிக்கையும் அந்த வரிசைதான்.

ஓடுகிறவரை விட எண்ணிக்கை பெரிது என்பதற்கு அதே ஆண்டில் பிலடெல்ஃபியாவில் இன்னொரு சாட்சி. நியூயார்க் ஜயன்ட்ஸில் 2023-ல் ஓட்டத்துக்கு 3.9 யார்டு எடுத்த ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி, 2024-ல் ஈகிள்ஸுக்குப் போய் 5.8 வீதம் 2,005 யார்டு எடுத்தார். முன்னால் நின்ற லைன் வேறு என்பது பாதிக் காரணம். மீதி, குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். அவரும் பந்தோடு ஓடுவார் என்பதால் எதிரணியில் ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முன்பு சொன்ன மிச்ச ஆள் அங்கேயே கழிந்துவிடுகிறார். பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் கான்சாஸ் சிட்டி பார்க்லியை 25 ஓட்டத்தில் 57 யார்டுக்குள் கட்டிப்போட்டது. ஹர்ட்ஸ் எறிந்த 22 பாஸில் 17 கைசேர்ந்தது, ஈகிள்ஸ் 40-22 என்று ஜெயித்தது.

நல்ல ஓட்ட அணிக்கே பிடிவாதம் என்ன செய்யும் என்பதற்கு சியாட்டில். 2018 பருவத்தில் ஆட்டத்துக்கு 160 யார்டு ஓடி லீகில் முதலிடம் பிடித்த அணி அது. 2019 ஜனவரி 5-ல் டல்லாஸில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் அந்த ஓட்டம் எடுபடவில்லை. ரன்னிங் பேக் கிறிஸ் கார்சன் 13 ஓட்டத்தில் 20 யார்டு. அணி மொத்தமாக 24 ஓட்டத்தில் 73. மறுபக்கம் அதே அணியின் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சன் 27 பாஸில் 18 கைசேர்த்து 233 யார்டு. ரிசீவர் டைலர் லாக்கெட் நான்கே பிடியில் 120 யார்டு. கதவு எங்கே திறந்திருக்கிறது என்பது இரண்டாம் கால்பகுதியிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் முட்டிய சுவரிலேயே முட்டினார்கள். மூன்றாவது டவுன் 13 வந்ததில் தேறியது 2. ஆட்டம் 24-22 என்று கைவிட்டுப் போயிற்று. பருவம் முழுக்க வேலை செய்தது இன்றும் வேலை செய்யும் என்ற நம்பிக்கையை எத்தனையாவது ஓட்டத்தில் கைவிடுவது? அதற்கு ஓர் எண் உங்கள் தாளில் இருக்கிறதா?

இந்த இடத்தில் வழக்கமாக வருகிற பதில்கள் மூன்று. ஓடினால்தான், ஓட்டம் போல நடித்துவிட்டு எறிகிற பிளே ஆக்‌ஷன் எடுபடும் என்பது முதலாவது. ஆட்டப் பதிவுகளை வைத்துச் செய்த கணக்குகள் இதைத் திரும்பத் திரும்பப் பொய்யாக்கியிருக்கின்றன. எத்தனை முறை ஓடினீர்கள், எவ்வளவு நன்றாக ஓடினீர்கள் என்பதற்கும் பிளே ஆக்‌ஷனில் கிடைக்கிற யார்டுக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. லைன்பேக்கர் உங்கள் முந்தைய பத்து ஓட்டத்தை நினைத்துக்கொண்டு ஏமாறுவதில்லை. லைன்மேன் முன்னால் பாய்கிறாரா, பந்து ரன்னிங் பேக்கின் வயிற்றுக்கு நேரே போகிறதா என்று பார்த்து ஏமாறுகிறார். நடிப்பு சரியாக இருந்தால் போதும், முதல் பிளேயிலேயே செய்யலாம். இரண்டாவது, 100 யார்டு ஓடுகிறவர் உள்ள அணி ஜெயிக்கிறது என்பது. முன்னிலையில் இருக்கிற அணி கடைசிக் கால்பகுதியில் நேரத்தைக் கரைக்க ஓடுகிறது, அதனால் யார்டு கூடுகிறது. ஜெயிப்பதால் ஓடினார்கள். குடையைப் பார்த்து மழைக்குக் காரணம் சொல்வது போல இருக்கிறது உங்கள் வாதம். மூன்றாவது, சமநிலை. பாதி ஓட்டம், பாதி பாஸ் என்பதைச் சமநிலை என்கிறீர்கள். முதல் டவுனில் எல்லாம் ஓட்டம், மூன்றாவதில் எல்லாம் பாஸ் என்றாலும் மொத்தத்தில் பாதிக்குப் பாதி வரும்!

சரி, என்ன செய்யலாம். பிளேக்கு முன் வீரர்கள் கூடிப் பேசும் ஹடிலில் ஒரு பிளே கொடுக்காதீர்கள், இரண்டு கொடுங்கள். பிளே கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது உங்கள் குரல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் அறுந்துவிடும். அதற்குப் பிறகு எண்ண வேண்டியவர் அவர்தான். ஒரு டைட் எண்ட் வைத்த அமைப்பில் பாக்ஸில் ஆறு பேர் என்றால் ஓட்டம். ஏழு என்றால், மிச்ச ஆளை இழுக்க வழி இருந்தால் மட்டும் ஓட்டம். ஸ்னாப்புக்கு முன்பே ஒரு ரிசீவரைக் குறுக்கே ஓடவிடுங்கள், மோஷனில். அவரைப் பின்தொடர்ந்து ஒருவர் போனாலோ, லைன்பேக்கர் ஒரு தப்படி நகர்ந்தாலோ ஏழு ஆறாகிவிடும். எட்டு என்றால் "கில்" என்று கத்திவிட்டு இரண்டாவது பிளேக்குப் போகட்டும். அந்த இரண்டாவது பிளே ஆழப் பாஸாக இருக்க வேண்டியதில்லை, ரிசீவர் குறுக்காக உள்ளே வெட்டிப் பிடிக்கிற ஸ்லான்ட் போதும். இளம் குவார்ட்டர்பேக்குக்கு இத்தனை சுமை வேண்டாம் என்றால் ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்) இருக்கிறது. ஒரே ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்த்து, அவர் முன்னால் வந்தால் அவர் விட்ட இடத்தில் எறிவது, நின்றால் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பது. ஒரு எச்சரிக்கை: கல்லூரி ஆட்டத்தில் பந்து எறியப்படுவதற்கு முன் லைன்மேன் கோட்டைத் தாண்டி 3 யார்டு முன்னால் போகலாம், இங்கே 1 யார்டுதான். தாண்டினால் 5 யார்டு அபராதம். ஆகவே பந்து உடனே கையை விட்டுப் போகிற பாஸ்களை மட்டும் அதில் வையுங்கள்.

முதல் 15 பிளேயை முன்கூட்டியே எழுதிவைக்கிற வழக்கம் பழைய பயிற்சியாளர் பில் வால்ஷ் காலத்திலிருந்தே இருக்கிறது. நல்ல வழக்கம். அந்தத் தாளில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில் ஓர் எண்ணையும் எழுதுங்கள், பாக்ஸில் இத்தனை பேருக்கு மேல் இருந்தால் இந்த ஓட்டம் கிடையாது என்று. குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நிற்கிற ஷாட்கன்னில் நின்று நடுவழி ஓடுகிறீர்கள் என்றால் ரன்னிங் பேக் பக்கவாட்டில் நின்று, பந்தை வாங்கி, அப்புறம்தான் முன்னால் கிளம்புகிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். சென்டருக்குப் பின்னாலேயே குவார்ட்டர்பேக் நிற்கும்போது ரன்னிங் பேக் 7 யார்டு பின்னாலிருந்து ஓடிவருகிற வேகத்தில் பந்தை வாங்குவார். ஓடத்தான் போகிறீர்கள் என்றால் அந்த வேகத்தையாவது கொடுங்கள்.

பாஸ் தவறிய பிறகு, இரண்டாவது டவுனில் 10 யார்டு தேவைப்படும்போது ஓடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்கு ஆட்டக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. பாஸ் தவறியதற்குப் பிராயச்சித்தம் செய்வது போலத்தான் தோன்றுகிறது. 3 யார்டு எடுத்து மூன்றாவது டவுனில் 7 வைத்துக்கொள்வதில் யாருக்கு லாபம்?

ஓட வேண்டிய நேரத்தில் ஓடுங்கள், அதற்கும் நாங்கள்தான் கத்துவோம். மூன்றாவதோ நான்காவதோ டவுனில் 1 யார்டு என்றால் குவார்ட்டர்பேக்கே முன்னால் நுழைந்து எடுக்கட்டும். எதிரணி தன் கடைசி வரிசை ஆட்களான இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்திப் பாக்ஸைக் காலியாக வைத்தால் அலுக்கும்வரை ஓடுங்கள். முன்னிலையில் இருந்து நேரம் குறைவாக இருந்தால் ஓடுங்கள். 2017 பிப்ரவரி சூப்பர் பௌலில் அட்லாண்டா 28-20 என்று முன்னிலையில் இருந்தது, பந்து நியூ இங்கிலாந்தின் 22 யார்டு கோட்டில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மூன்று முறை நடுவில் விழுந்து எழுந்திருந்தாலே, உதைத்து 3 புள்ளி எடுக்கிற ஃபீல்டு கோல் தூரம், 11 புள்ளி முன்னிலை. ஓர் ஓட்டத்தில் 1 யார்டு இழந்ததும் பின்னால் போய் எறியப் பார்த்தார்கள். குவார்ட்டர்பேக் எறியுமுன் வீழ்த்தப்பட்ட சாக்கில் 12 யார்டு போயிற்று, அடுத்து எதிராளியைப் பிடித்து இழுத்ததற்கான ஹோல்டிங் அபராதத்தில் 10. பன்ட். மிச்சம் எல்லோருக்கும் தெரியும், நியூ இங்கிலாந்து சமன் செய்து ஜெயித்தது. அங்கே ஓட்டம் எடுக்கப்போகிற யார்டு முக்கியமே இல்லை, கரைக்கப்போகிற விநாடிதான் முக்கியம்.

ஆட்டம் முடிந்து மைக் முன்னால் வரும்போது "ஓட்டத்தில் இன்னும் உறுதியாக நிற்க வேண்டும்" என்று சொல்லாதீர்கள். முதல் டவுனில் எத்தனை முறை ஓடினீர்கள், அதில் எத்தனை முறை பாக்ஸில் எட்டுப் பேர் இருந்தார்கள், அதில் எத்தனை முறை "கில்" வந்தது, இந்த மூன்று எண்ணைச் சொல்லுங்கள். மூன்றாவது எண் பூஜ்யமாக இருந்தால் லைன்மேனைக் குறை சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, பாக்ஸை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரசிகர்கள்